படகுக்கும் மணல் வேண்டும்

‘கட்டுமரம்’ என்னும் சொல்லை ஆங்கிலத்துக்கு ஈந்தவர் தமிழர் என்று எவரேனும் ஒருவர் முழங்காமல் நம் சங்கத்தின் ஆண்டு விழா முடிவதில்லை. கைதட்டலும் தவறாமல் கிடைக்கிறது. சொன்னது பொய்யன்று. வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளிவந்த தம் உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை அப்பெயராலேயே குறித்திருக்கிறார். ஆனால் அந்தச் சொல் இன்று கடலுக்கு அப்பால் எந்தப் பொருளைச் சுட்டுகிறது, அந்தப் பொருளுக்கு அங்கே என்ன நேர்ந்திருக்கிறது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்? பெயர் வைத்த பிள்ளையை அயலூருக்கு அனுப்பிவிட்டு, அது உண்டதா உறங்கியதா என்று விசாரிக்காத பெற்றோரைப் போல இருக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இல்லையேல் மேடைப் பேச்சாளர்கள் என்னையும் தம் கட்சியில் சேர்த்துக்கொள்வார்கள். நம் கட்டுமரம், செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைத்த மிதவை. மேனாட்டார் ‘கட்டமரான்’ என்று அழைப்பதோ, ஒடுங்கிய இரண்டு ஓடங்களை இணையாக வைத்துக் குறுக்குச் சட்டங்களால் பூட்டிய பாய்ப் படகு. அதன் முன்னோர் பசிபிக் தீவு மக்களின் இரட்டை ஓடங்கள். பெயர் நம்முடையது, உருவம் அவர்களுடையது. 1876-இல் நியூயார்க்கில் ஹெரஷாஃப் என்பவர் இத்தகைய இரட்டைப் படகொன்றைப் பந்தயத்தில் விட்டு எல்லோரையும் வென்றார். தோற்றவர்கள் முறையிட, அப்படிப்பட்ட படகே பந்தயத்துக்கு ஆகாது என்று விலக்கிவிட்டார்கள். 1947-இல் ஹவாயில் உட்டி பிரவுன் என்பவரும் அவருடைய தோழர்களும் ‘மனு காய்’ என்ற இரட்டைப் படகைக் கட்டி வைக்கீக்கி மணலிலிருந்தே கடலில் இறக்கிய பிறகுதான் இந்த இனத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது.

அந்த மறுவாழ்வைச் சாமானியனின் வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தவர் கலிபோர்னியாவின் ஹோபி ஆல்ட்டர். 1933-இல் பிறந்து 2014-இல் மறைந்த இவர், கப்பல் கட்டும் பரம்பரையில் வந்தவர் அல்லர். அலைச்சறுக்குப் பலகை செய்து விற்றவர். 1950-களின் இறுதியில் பால்சா மரத்தைக் கைவிட்டு, நுரைப் பிளாஸ்டிக்கின்மேல் கண்ணாடி இழை போர்த்திப் பலகை செய்யும் முறையைப் பரப்பியவர்களுள் ஒருவர். கெட்டியான அடியுள்ள பூட்ஸ் அணியாமலும், கடலோர நெடுஞ்சாலைக்குக் கிழக்கே வேலை பார்க்காமலும் பிழைக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்க்கைக் குறிக்கோள் என்று சொல்வார்கள். பரீட்சைக்குக் குறிக்கோள் எழுதிப் பழகிய நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கென்னவோ இது பல பேருடைய குறிக்கோளைவிட நேர்மையானதாகவே படுகிறது.

1960-களின் இறுதியில் 14 அடிப் படகொன்றும், அதையடுத்து 16 அடிப் படகும் அவர் பட்டறையிலிருந்து வந்தன. பௌதிகம் படிக்கும் எனக்கு இந்த இடத்தில் சற்று நிற்க ஆசை, பொறுத்தருள்க. பாய்ப் படகு காற்றுக்குச் சாய்வாக முன்னேற வேண்டுமானால், அது பக்கவாட்டில் வழுக்காதபடி நீரைப் பிடித்துக்கொள்ள ஏதேனும் வேண்டும். பொதுவாகப் படகின் அடியில் ஒரு பலகை இறங்கியிருக்கும். பலகை இருந்தால் ஆழம் வேண்டும். ஆழம் வேண்டுமானால் படகுத்துறை வேண்டும். படகுத்துறை வேண்டுமானால் மாதம் பிறந்தால் வாடகை வேண்டும். ஆல்ட்டர் அந்தப் பலகையையே ஒழித்தார். இரண்டு ஓடங்களையும் வெளிப்புறம் தட்டையாகவும் உட்புறம் வளைவாகவும் சமைத்தார். விமான இறக்கையை நிமிர்த்தி நீரில் செருகியது போன்ற அமைப்பு இது. காற்று அமுக்கும் பக்கத்து ஓடம் நீரில் ஆழ்ந்து, வழுக்கலை எதிர்க்கும் விசையைத் தானே தருகிறது. சுக்கான்கள் மணலில் தட்டியதும் மேலே மடங்கிக்கொள்ளும். ஆகவே இந்தப் படகு அலையைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கும். மாலையில் அதே அலைமீது ஏறி நேரே மணலில் வந்து படுக்கும். 16 அடிப் படகின் எடை ஏறத்தாழ 145 கிலோ. இரண்டு பேர் மூச்சுப் பிடித்தால் இழுத்துவிடலாம். அகலம் 8 அடிக்குள் அடங்குவதால் காருக்குப் பின்னால் இழுவண்டியிலும் போகும்.

துறைமுகம் இல்லாத கரையில், நுரைக்கும் அலைகளுக்கு நடுவே, மணலையே துறையாகக் கொள்வது! நம் சோழமண்டலக் கரையின் மீனவர் நூற்றாண்டுக் கணக்காகச் செய்தது இதையே அன்றோ? எனவே இரண்டுக்கும் மெய்யான உறவு பெயரில் இல்லை, மணலில் இருக்கிறது.

அந்தப் படகு உலகெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1976-இல் கோல்மன் என்னும் பெரிய கம்பெனி ஆல்ட்டரின் படகுத் தொழிலையே விலைக்கு வாங்கிக்கொண்டது. 1970-களில் கலிபோர்னியப் பொதுக் கடற்கரைகளில் வண்ண வண்ணக் கோடுகள் கொண்ட பாய்கள் காயப்போட்ட சேலைகளைப் போல வரிசையாகத் தெரியும் புகைப்படங்களை நம் நூலகத்துப் பழைய சஞ்சிகைகளில் பார்த்திருக்கிறேன். பந்தயக்காரர்கள் அல்லர் அவர்கள். வேலை முடிந்து, காற்று இருக்கிறது என்று கண்டு, மனைவியையோ நண்பனையோ அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கடலில் சுற்றிவிட்டு வீடு திரும்பியவர்கள். இந்தக் கூட்டம்தான் இன்று அருகிவிட்டது. படகினம் அழிந்துவிடவில்லை, பந்தயங்கள் நடக்கின்றன, உல்லாச விடுதிகளில் மணிக் கணக்கில் வாடகைக்கும் கிடைக்கின்றன. போனது, ‘சும்மா போய் வரலாம்’ என்ற அந்த ஒரு மணி நேரம்.

ஏன் போயிற்று? மக்களின் ருசி மாறிவிட்டது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. அலைப்பலகையில் பாய் நட்டு ஓட்டும் விளையாட்டு 1970-களிலும், பட்டத்தால் இழுபட்டுச் செல்லும் விளையாட்டு 1990-களின் இறுதியிலும் வந்து இளைஞரை இழுத்துக்கொண்டன. ஹோபி கம்பெனியே 1997-இல் காலால் மிதித்து ஓட்டும் சிறு ஓடத்தை வெளியிட்டு, அந்த வியாபாரத்தில் மும்முரமாகிவிட்டது. ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை டொர்னாடோ என்னும் இரட்டைப் படகு ஓடியது. 2016 முதல் நாக்ரா ஓடுகிறது. இப்போது அது நீருக்கு மேலே எழும்பிப் பறக்கிறது. 2013-இல் சான்பிரான்சிஸ்கோவில் 72 அடிப் பூதங்கள் அமெரிக்கக் கோப்பைக்குப் போட்டியிட்டன. நுனியில் இவ்வளவு செழிப்பு, அடியில் வறட்சி. தென்னையின் குருத்துக்கு நீர் தெளித்துவிட்டு வேரை மறந்தது போல.

ஆனால் ருசி மாற்றத்தின்மேல் பழி போடுவது சோம்பேறித்தனம் என்பேன். பட்டமும் மிதிபலகையும் வென்றதற்குக் காரணம் என்ன? அவற்றைச் சுருட்டிக் காருக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். இரவில் கரையில் விட்டு வைக்க வேண்டியதில்லை. இரட்டைப் படகோ மணலில் உறங்க வேண்டிய பிராணி. அதைத் தினமும் வீட்டிலிருந்து இழுத்து வந்து, பாய்மரம் நிமிர்த்தி, கம்பிகளை முடுக்கி, பிறகு எல்லாவற்றையும் அவிழ்ப்பதென்றால் ஒரு மணி நேர இன்பத்துக்கு இரண்டு மணி நேரக் கூலிவேலை. படகு மணலிலேயே கிடந்தால்தான் அது சாமானியனின் படகு. அந்த இடத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் கடற்கரைச் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. மக்கள் கடலை அடையும் உரிமையைக் காக்க எழுந்த நல்ல சட்டம். ஈரமணல் அங்கே பொதுச்சொத்து. ஆனால் மாலிபு போன்ற இடங்களில் செல்வர் வீடுகள் வரிசையாக நிற்க, இடையிடையே ஒரு சந்து, ஒரு படிக்கட்டு. அதுவே மக்களின் வழி. அந்தப் படிக்கட்டில் மனிதன் இறங்குவான். துண்டும் குடையும் இறங்கும். ஏறத்தாழ எட்டடி அகலப் படகு எப்படி இறங்கும்? உரிமை என்பதை நடந்து வருபவனின் தோள் அகலத்துக்கு அளந்து கொடுத்துவிட்டார்கள்.

இயற்கையும் சும்மா இருக்கவில்லை. இயற்கை என்று சொல்வதும் பிழை, மனிதன்தான். ஆறுகள் அள்ளி வரும் மணலே கரையை வளர்க்கிறது. தென் கலிபோர்னிய ஆறுகளில் அணை கட்டினார்கள், கால்வாய்களுக்குக் கான்கிரீட் பூசினார்கள். வீடுகளைக் காக்கக் கரையோரம் சுவரும் பாறையும் அடுக்கினார்கள். சுவரில் மோதித் திரும்பும் அலை, இருக்கும் மணலையும் வாரிக்கொண்டு போகிறது. ஹோபிப் படகு பிறந்த ஊர் எது தெரியுமா? டேனா பாயின்ட்டை அடுத்த கப்பிஸ்ட்ரானோ கடற்கரை. 2018-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே அலைகள் தாக்கிப் பொது நடைமேடை இடிந்து விழுந்தது. மணலையே நம்பிப் பிறந்த படகின் தொட்டிலில் மணல் இல்லை.

விடுதியில் என் அடுத்த அறை நண்பன், பஞ்சாபி, இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரித்தான். “அமெரிக்கக்காரன் விளையாட்டுச் சாமான் வைக்க இடமில்லையென்று டில்லியில் உட்கார்ந்து நீ ஏனப்பா அழுகிறாய்?” என்றான். நல்ல கேள்வி. நான் நாகைக்காரன். எனக்கு நினைவு தெரிந்த நாளாய் எங்கள் கரையில் பார்த்ததெல்லாம் எஞ்சின் பூட்டிய கண்ணாடி இழைப் படகுகளே. 2004 ஆழிப் பேரலைக்குப் பின் நிவாரணமாக வந்த அந்தப் படகுகள் கட்டுமரத்தின் மறைவை விரைவுபடுத்தின. மீனவனுக்கு அது நன்மையா தீமையா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம். ஆனால் கரையில் படகு கிடப்பது அழகைக் கெடுக்கிறது என்னும் எண்ணம் இருக்கிறதே, அது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமன்று. 1985-இல் சென்னை மெரினாவை அழகுபடுத்தவென்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசாங்கம் முனைந்தது, மீனவர் எதிர்த்தனர், துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. பிழைப்புக்காக மணல் கேட்டவனையும் பொழுதுபோக்குக்காக மணல் கேட்பவனையும் ஒரே தராசில் நான் நிறுத்தவில்லை. முன்னவனுடைய உரிமை முதல் உரிமை. அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது. ஆனால் இருவரையும் விரட்டும் கண் ஒன்றே. கடற்கரை என்றால் நின்று பார்க்கும் படம் என்று கருதும் கண் அது. கடலில் இறங்கும் துறை அது என்பதை அந்தக் கண் ஒப்புவதில்லை.

நம் நாட்டிலும் பாய்ப்படகு விளையாட்டு பெரும்பாலும் மன்றங்களின் வேலிக்குள்ளும் படைப் பிரிவுகளிலுமே இருக்கிறது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்கரையை வைத்துக்கொண்டு நாம் இதைப் பற்றி வெட்கப்படுவதும் இல்லை.

எதிர்வாதம் ஒன்றுக்கு மதிப்புத் தருகிறேன். விட்டுச் சென்ற படகுகள் கேட்பாரற்று மட்கி, புல் முளைத்துக் கிடப்பதுண்டு; குழந்தைகள் காலில் கம்பி குத்தும். மெய்தான். அதற்கு மருந்து எல்லாப் படகையும் விரட்டுவதா? தெருவில் ஒரு பழைய கார் துருப்பிடித்துக் கிடந்தால் ஊரிலுள்ள கார்களையெல்லாம் தடை செய்வார்களா? கார் என்றதும் ஒரு கணக்கு நினைவுக்கு வருகிறது. 16 அடி ஹோபிப் படகு படுத்துக்கொள்ளும் இடம் ஏறத்தாழ 5 மீட்டருக்கு 2.4 மீட்டர்: 12 சதுர மீட்டர். அமெரிக்காவில் ஒரு கார் நிறுத்தக் கோடு போட்ட கட்டத்துக்குள் அது அடங்கிவிடும்! நூற்றுக்கணக்கான காருக்குக் கடலோரத்தில் தார் ஊற்றி இடம் தருபவர்கள், இருபது படகுக்கு மணல் இல்லை என்கிறார்கள்.

ஆகவே என் யோசனை எளியது. கலிபோர்னியாவுக்கும் பொருந்தும், நாளை கோவளத்திலோ விசாகப்பட்டினத்திலோ எவரேனும் தொடங்கினால் அங்கும் பொருந்தும். மீனவர் படகும் வலையும் கிடக்கும் இடத்தைத் தொடாமல், கார் நிறுத்தத்தின் கடற்பக்க வரிசையில் இருபது கட்டங்களைக் கையால் தள்ளி இறக்கும் படகுகளுக்கு ஒதுக்குக. அங்கிருந்து நீர் வரை பத்தடி அகலத்துக்குப் படி வைக்காமல் சரிவாக வழி விடுக. ஆண்டுக்கொரு சீட்டு, சிறு கட்டணம். ஒரு பருவம் முழுதும் அசையாத படகை ஏலம் விட்டுக் காத்திருப்பவனுக்கு அந்த இடத்தைக் கொடுக்க. இன்னொன்று: அந்த வரிசைக்கு மேலே மின்கம்பி போகக் கூடாது. உலோகப் பாய்மரம் மின்கம்பியில் தட்டி உயிர்கள் போனதால்தான், 1980-களில் ஹோபி கம்பெனி பாய்மரத்தின் உச்சிப் பகுதியை மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழையால் செய்யத் தொடங்கியது. பழைய பாய்மரங்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.