பச்சையைப் போடச் சொல்லிக் கத்துவதை நிறுத்துவோம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காலை ரயிலில் வேலைக்குப் போகிறவர்களும், பிள்ளைகளை ரயிலில் படிக்க அனுப்புகிறவர்களும் பொறுமையாகக் கடைசி வரை வாசிக்க வேண்டும்.

சில நாட்களாக எமது வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. சந்திக்கு முன்னால் ரயில் முக்கால் மணித்தியாலம் நின்றதாம். சிக்னல் பழுதாம். நமது இளைஞர்கள் சிலர் இறங்கிப் போய் ஸ்டேஷன் மாஸ்டரைச் சூழ்ந்துகொண்டு, "லைன்ல ஒண்டும் இல்லதானே, பச்சயப் போட்டு உடுங்க" என்று சத்தம் போட்டார்களாம். கீழே வரிசையாகக் கைதட்டல்கள். "மாஷா அல்லாஹ், இப்பிடித்தான் கேக்கணும்" என்று பெரியவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

இதில் கைதட்ட எதுவும் இல்லை. அந்த ரயிலில் இருந்த அத்தனை பேரின் உயிரையும் வைத்து ஆடிய பேச்சு அது. ஏன் என்று விளக்குகிறோம்.

ராகமைச் சந்தியை எடுத்துக்கொள்வோம். கோட்டையிலிருந்து மருதானையைத் தாண்டி வரும் பிரதான பாதையிலிருந்து புத்தளம் பாதை அங்கேதான் பிரிகிறது. ரயிலுக்கு ஸ்டியரிங் கிடையாது. சாரதியின் கையில் இருப்பது வேகமும் பிரேக்கும் மட்டும். ரயில் பொல்கஹவெல பக்கம் போவதா, நீர்கொழும்பு பக்கம் போவதா என்பதைத் தரையில் கிடக்கும் இரும்புதான் முடிவு செய்கிறது.

பாதை பிரியும் இடத்தில் நகரக்கூடிய இரண்டு தண்டவாளத் துண்டுகள் இருக்கும். முனை கத்தியைப் போல மெலிந்திருக்கும். இரண்டையும் குறுக்குக் கம்பிகள் இணைத்திருக்கும். ஒரு துண்டு தன் பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டும்போது மற்றது விலகி நிற்கும். சக்கரத்தின் உள்விளிம்பை ஒட்டிய துண்டு ஒரு பக்கமாகத் திருப்பிவிடும், விலகிய துண்டு அதற்கு வழி விடும். ஊழியர்கள் 'பொயின்ட்' என்று சொல்வது இதைத்தான்.

ஒட்ட வேண்டிய துண்டு முழுதாக ஒட்டாமல் சில மில்லிமீற்றர் இடைவெளி இருந்தால் என்ன நடக்கும்? சக்கர விளிம்பு அந்த இடைவெளிக்குள் நுழையலாம். ரயில் மேலே ஓடும்போதே பொயின்ட் நகர்ந்துவிட்டால் ஒரு பெட்டியின் முன்சக்கரங்கள் ஒரு பாதையிலும் பின்சக்கரங்கள் இன்னொரு பாதையிலும் போகும். 2002 மே 10 அன்று இங்கிலாந்தின் பொட்டர்ஸ் பார் நிலையத்தருகே அப்படித்தான் ஒரு ரயில் தடம் புரண்டது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். காரணம் பெரிய இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. பொயின்ட் கம்பிகளின் நட்டுகள் கழன்றிருந்தன, அவ்வளவுதான்.

அதனால்தான் சிக்னலுக்கும் பொயின்டுக்கும் நடுவே ஒரு கட்டுப்பாட்டை வைத்தார்கள். 'இன்டர்லொக்கிங்' என்பார்கள். பொயின்ட் சரியான பக்கம் திரும்பி, முழுதாக ஒட்டி, பூட்டு விழுந்த பிறகுதான் அதற்குரிய சிக்னல் பச்சையாகும். பச்சை விழுந்த பிறகு பொயின்டைத் திருப்ப முடியாது. குறுக்கே வரும் பாதைக்கும் பச்சை கொடுக்க முடியாது. 1889 இல் அயர்லாந்தின் ஆர்மாவில் சுமார் 80 பேர், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர் உட்பட, ரயில் விபத்தில் இறந்தபோது பிரித்தானியப் பாராளுமன்றம் அதே ஆண்டில் சட்டம் போட்டு இதையும் வேறு பாதுகாப்புகளையும் கட்டாயமாக்கியது. நமது ரயில் பாதைகளை அமைத்தவர்களும் அந்தப் பிரித்தானியர்தான்.

அடுத்தது, லைனில் ரயில் நிற்கிறதா என்பதை விளக்கு எப்படி அறிகிறது? கலர் லைட் சிக்னல் உள்ள பாதைகளில் தண்டவாளத்தின் வழியாகவே சிறிய மின்னோட்டம் ஒன்று போகும். ரயில் வந்து ஏறினால் சக்கர அச்சு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்னோட்டம் ரிலேயைப் போய்ச் சேராது, விளக்கு சிவப்பாகும். இதில் உள்ள புத்தியைப் பாருங்கள். தண்டவாளம் உடைந்தாலும், வயர் அறுந்தாலும், மின்சாரம் நின்றாலும் அதே சிவப்புதான் விழும். எது கெட்டாலும் ரயில் நிற்க வேண்டும் என்றுதான் அதை அமைத்திருக்கிறார்கள்.

ஆகவே 'சிக்னல் பழுது, அதனால் ரயில் நிற்கிறது' என்று கேள்விப்பட்டால் அந்தச் சாதனம் தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். "எனக்குத் தெரியவில்லை, ஆகவே அனுமதிக்க மாட்டேன்" என்று அது சொல்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதைத்தானே வகுப்பறையில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம்?

"லைனில் ஒன்றும் இல்லையே, கண்ணால் பார்த்தோமே" என்கிறீர்கள். லைனில் ரயில் இல்லாதிருக்கலாம். பொயின்ட் ஒட்டியிருக்கிறதா என்பதை ஜன்னலில் இருந்து பார்த்தீர்களா? அப்படியான நேரத்தில் ஊழியர் பொயின்ட் இருக்கும் இடத்துக்கே நடந்து போக வேண்டும். கையால் திருப்பி, இறுக்கிப் பூட்டி, சரிபார்த்து, சாரதிக்கு முறைப்படி அனுமதி கொடுத்து, ரயிலை மெதுவாக விட வேண்டும். இயந்திரம் காவல் நிற்காத அந்த நேரத்தில் ஒரு மனிதனின் நிதானம் மட்டும்தான் மிச்சம். அந்த மனிதனைத்தான் ஐம்பது பேர் சூழ்ந்து நின்று கத்துகிறோம்.

அவசரத்தின் விலை தெரிய வேண்டுமா? 2023 ஜூன் 2, ஒடிசாவின் பஹானகா பஜார் நிலையம். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கொரமண்டல் எக்ஸ்பிரசுக்கு நேர்ப் பாதைக்குப் பச்சை விழுந்திருந்தது. பொயின்ட் பக்கத்துப் பாதைக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிக்னல் வயர் வேலையில் நடந்த தவறுகளை விசாரணை காட்டியது. இன்டர்லொக்கிங் தானாகப் பொய் சொல்லவில்லை. மனிதக் கை அதைப் பொய் சொல்ல வைத்தது. நம் நாட்டிலும் 2011 இல் அலவ்வயில், 2014 இல் பொத்துஹெரவில் ரயிலோடு ரயில் மோதியதை நாம் மறந்துவிட்டோமா?

"அப்படியென்றால் தாமதத்தைச் சகித்துக்கொண்டு வாய் மூடி இருக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் உரத்துக் கேட்கச் சொல்கிறோம். ஆனால் சரியான ஆளிடம், சரியான கேள்வியை.

தேர்தல் வந்தால் "புதிய ரயில் தருவோம், புதிய பெட்டி தருவோம்" என்கிறார்கள். நாமும் மாலை போடுகிறோம். ஒரு சிறிய கணக்குச் செய்வோம். ஒரு ரயில் சந்தியைக் கடந்து, பாதை விடுபட்டு, அடுத்த ரயிலுக்குப் பொயின்ட் திரும்ப 4 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 15 ரயில்கள் போகலாம். பழைய பொயின்ட், தேய்ந்த பாதை, மெதுவாகப் போ என்ற கட்டளை எல்லாம் சேர்ந்து அது 6 நிமிடமானால் 10 ரயில்கள்தான். ஐந்து ரயில்கள் காணாமல் போய்விட்டன. சந்தியைச் சரிசெய்யாமல் இன்னும் ஐந்து புதிய ரயில்களை வாங்கினால் அவையும் வரிசையில்தான் நிற்கும்.

கிளைப் பாதைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒரே மட்டத்தில் அமைந்த சந்தியில், இரட்டைப் பாதையிலிருந்து கிளை பிரிந்தால், ஒரு திசையில் போகும் கிளை ரயில் எதிர்த்திசைப் பாதையைக் குறுக்கே வெட்டியே ஆக வேண்டும். அது வெட்டும் வரை மற்றது நிற்க வேண்டும். நீர்கொழும்புக்கு அப்பால் சிலாபம், புத்தளம் பக்கம் ஒற்றைப் பாதை. எதிரே வரும் ரயில் நிலையத்துக்குள் ஒதுங்கும் வரை நமது ரயில் அசைய முடியாது. ஒன்று 15 நிமிடம் பிந்தினால் அந்தப் பிந்தல் எதிர் ரயிலுக்கும் தொற்றும், அதிலிருந்து அடுத்ததுக்கும் தொற்றும். 1926 இல் புத்தளம் வரை போட்ட பாதை இது. அங்கே எத்தனை இடத்தில் ரயில்கள் ஒதுங்கலாம், எந்தப் பகுதியை இரட்டையாக்கலாம் என்று எந்த மேடையிலாவது யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா? பொயின்டுக்கு கிரீஸ் பூசியதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே, அதனால் பேச மாட்டார்கள்.

இனி நமது வீட்டுக்குள் பார்ப்போம். சிக்னல் கேபிளை வெட்டிச் செம்பு எடுத்த செய்திகளைப் பலமுறை வாசித்திருக்கிறோம். வெட்டியவன் திருடன். எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் எடை போட்டு வாங்கும் பழைய சாமான் கடைக்காரர் யார்? அது எந்த ஊராக இருந்தாலும், எந்தச் சமூகமாக இருந்தாலும், ஹலாலான வியாபாரம் இல்லை. தண்டவாளத்தில் கல் வைத்து விளையாடும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தக் கல் பொயின்ட் துண்டுக்கு நடுவே சிக்கினால் அது ஒட்டாது, அடுத்த நாள் காலை ரயில் நிற்கும். பிறகு ஸ்டேஷன் மாஸ்டரைத் திட்டுவோம்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்.

ரயில் சிவப்பில் நின்றால் இருக்கையில் இருப்போம். ஊழியரை நெருக்காதிருப்போம். எவ்வளவு நேரமாகும் என்று ஒருவர் போய் மரியாதையாகக் கேட்டு வந்து மற்றவர்களுக்குச் சொன்னால் போதும்.

கேபிள் செம்பு விற்கவோ வாங்கவோ யாரும் துணை போகாதிருப்போம். பிள்ளைகளுக்குத் தண்டவாளம் விளையாட்டு மைதானம் இல்லை என்று இன்றே சொல்வோம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். நமது பாதையில் சிக்னலும் பொயின்டும் பராமரிக்க எவ்வளவு ஒதுக்குவீர்கள்? ஒற்றைப் பாதையில் ரயில் ஒதுங்கும் இடங்களை எப்போது கூட்டுவீர்கள்? இந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் போதுமா? பதில் சொல்ல முடியாதவருக்கு மாலை எதற்கு?

உயர்தரத்தில் கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் நமது பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. வைத்தியரும் பொறியியலாளரும் ஆகுங்கள், நல்லது. தண்டவாளத்தில் ஓடும் அந்தச் சிறிய மின்னோட்டத்தைப் புரிந்துகொண்டு அதைக் காக்கும் வேலையும் ஆயிரக்கணக்கானோரின் உயிர் அமானிதம்தான்.

பகிருங்கள். முக்கியமாக அந்தக் குரல் பதிவுக்குக் கைதட்டியவர்களுக்கு அனுப்புங்கள்.