எட்னா: விட்டுப்போன காணிகளில் விளையும் வைன்

2025 ஜூன் 2ஆம் திகதி இத்தாலியின் குடியரசு தின விடுமுறை. அன்று சிசிலித் தீவிலுள்ள எட்னா எரிமலையின் தென்கிழக்கு வாயின் ஒரு பக்கம் இடிந்து சரிந்தது. சாம்பலும் கொதிவாயுவும் பல கிலோமீற்றர் உயரத்துக்கு எழுந்தன. மலையில் நின்ற சுற்றுலாப் பயணிகள் புகைத்திரளுக்கு முன்னே ஓடி இறங்கும் காணொளிகள் உலகெங்கும் பகிரப்பட்டன. யாருக்கும் காயம் ஏற்படவில்லை. குடியிருப்புகளையும் அது எட்டவில்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு, பெப்ரவரியில், பனியின் மீது வழிந்த லாவாவைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தின் வாகனங்கள் மீட்புப் பணியாளர்களின் வழியை அடைத்ததாக அதிகாரிகள் முறையிட்டனர்.

எட்னாவுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதியினர் எரிமலை வாயைப் பார்க்க வருவதில்லை. கீழ்ச்சரிவுகளில், ஏறத்தாழ 400 முதல் 1,000 மீற்றர் உயரம் வரை பரந்திருக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கு வைன் சுவைக்க வருகிறார்கள். பலெர்மோவில் வாழும் ஈழத்தமிழர் ஊடாகச் சிசிலி நம்மவர்களுக்குப் பழக்கமான பெயர். வீட்டுப் பணிகளிலும் உணவகங்களிலும் உழைத்து, புனித ரோசலியாவின் மலைக்குகைக்கு ஏறி நேர்த்தி வைக்கும் சமூகம் அது. ஐரோப்பாவெங்கும் இருந்து அவர்களைப் பார்க்கச் செல்லும் உறவுகள் அப்படியே எட்னாப் பக்கமும் போய் வருவதுண்டு. அங்கே அவர்கள் பார்ப்பது ஒரு காலத்தில் கைவிடப்பட்ட நிலம் என்பதைப் பயண விளம்பரங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆட்கள் போனார்கள், கொடிகள் நின்றன

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டானியா மாகாணம் சிசிலியிலேயே அதிகம் திராட்சை பயிரிட்ட இடங்களில் ஒன்று. கரையோர ஊரான ரிப்போஸ்தோவின் துறைமுகத்திலிருந்து பீப்பாய் பீப்பாயாக வைன் கப்பலேறியது. பிறகு ஃபைலொக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. எட்னாவின் மணற்பாங்கான எரிமலை மண் அந்தப் பூச்சிக்கு ஒத்துவரவில்லை. அதனால் நூறு வயது கடந்த, ஒட்டுப்போடாத கொடிகள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஆனால் ஆட்கள் நிற்கவில்லை. வறுமை அவர்களை அமெரிக்காவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும், பின்னர் வட இத்தாலியின் தொழிற்சாலைகளுக்கும் துரத்தியது. கருங்கற்களை அடுக்கிக் கட்டிய படித்தளங்கள் சரிந்து, காடு பற்றின. திராட்சையை மிதித்துச் சாறெடுக்கும் ‘பல்மெந்தோ’ என்ற பழைய கல் ஆலைகளில் விற்பனைக்கு வைன் தயாரிப்பதை ஐரோப்பிய சுகாதார விதிகள் முடிவுக்குக் கொண்டுவந்தன. 1968இலேயே எட்னா வைனுக்குப் பூர்வீகப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. சிசிலியில் அதைப் பெற்ற முதல் பிரதேசங்களில் ஒன்று எட்னா. அந்த அங்கீகாரமும் ஊர் வெறுமையாவதைத் தடுக்கவில்லை.

திருப்பம் 1988இல் கட்டானியாவைச் சேர்ந்த மருந்துத்துறை முதலாளி ஜுசெப்பே பெனாந்தி தரமான வைன் தயாரிக்க முதலிட்டதோடு தொடங்கியது. 2000ஐ ஒட்டி வெளியாட்கள் வந்தார்கள். டஸ்கனியில் வைன் செய்துவந்த அந்திரேயா பிராங்கெத்தி, வைன் வணிகர் மார்க்கோ தெ கிராட்சியா, பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்க் கோர்னலிசன் ஆகியோர் வடசரிவில் பாழடைந்த தோட்டங்களை வாங்கினர். 2017இல் வட இத்தாலியின் புகழ்பெற்ற காயா நிறுவனமும் உள்ளூர்ப் பங்காளி ஒருவருடன் நுழைந்தது. முன்பு கேட்பாரற்றுக் கிடந்த காணியின் விலை பல மடங்கு ஏறியது.

குறிச்சியின் பெயர்

இந்த வைனின் மதிப்பு நிலத்தின் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு காலத்து லாவாவும் வெவ்வேறு மண்ணை விட்டுச் சென்றதால், எட்னாவின் சரிவுகள் ‘கொந்த்ராதா’ எனப்படும் குறிச்சிகளாகப் பிரிகின்றன. 2011இல் 133 குறிச்சிகள் விதிகளில் பதிவாகி, அவற்றின் பெயரைப் போத்தலில் அச்சிட அனுமதி கிடைத்தது. பின்னர் இன்னும் சில சேர்ந்தன. இத்தாலியின் அதியுயர் தரநிலையைக் கோர உற்பத்தியாளர் கூட்டமைப்பு 2023 நவம்பரில் முடிவெடுத்தது.

விவசாயிகள் வாய்வழியாகப் புழங்கிய காணிப் பெயர்கள் இன்று நியூயோர்க், லண்டன் உணவகங்களின் வைன் பட்டியலில் இருக்கின்றன. அந்தப் பெயர்களை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலரிடம் அந்தக் காணி இல்லை. இதை வெறும் அபகரிப்புக் கதையாகவும் எழுதிவிட முடியாது. விற்றவர்கள் விரும்பி விற்றார்கள். வாங்கியவர்கள் சரிந்த மதில்களை மீளக் கட்டினார்கள். உள்ளூர் இளைஞர் சிலருக்குத் திரும்பி வரக் காரணம் கிடைத்தது. ஆனால் விலை ஏறுவதற்கு முன் விற்றவர்களுக்கு அந்த ஏற்றத்தில் பங்கில்லை. இராணுவமோ குண்டோ துரத்தாத இடத்திலும், ஆளில்லாத காணியின் எதிர்காலத்தைப் பணத்தோடு வருபவரே தீர்மானிக்கிறார்.

போகிறவர்கள் அறிய வேண்டியவை

எட்னாவின் தோட்டங்களில் பெரும்பாலானவை சிறிய குடும்ப நிறுவனங்கள். சொல்லாமல் போனால் வாசல் பூட்டியிருக்கலாம். வைன் சுற்றுலாவுக்கு இத்தாலி 2019 மார்ச்சில் வகுத்த விதிகள், வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் திறந்திருத்தல், முன்பதிவு வசதி, பயிற்சி பெற்ற பணியாளர் ஆகியவற்றைக் கேட்கின்றன. ஆகவே மின்னஞ்சலில் சில வாரங்கள் முன்பே பதிவு செய்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓகஸ்ட் நடுப்பகுதி விடுமுறையிலும் பல இடங்கள் மூடியிருக்கும். ஒரு சந்திப்புக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கு இரண்டு தோட்டங்களே போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரை காலநிலை இதமானது. உயரம் காரணமாக அறுவடை பிந்தி, ஒக்டோபர் வரை நீளும். அந்த நாட்களில் பார்க்க நிறைய உண்டு, ஆனால் பேச யாருக்கும் நேரமிராது.

சிவப்பு வைனை அறிய விரும்புவோர் ரன்டாட்சோ முதல் லிங்குவாகுளோசா வரையான வடசரிவுக்குப் போகலாம். அது நெரெல்லோ மஸ்கலேசே என்ற திராட்சையின் இடம். வெள்ளை வைனுக்கு மழை அதிகம் பெறும் கிழக்குச் சரிவின் மீலோ ஊர். கரிகாந்தே திராட்சையில் செய்யும் உயர்தர வெள்ளை வைனுக்கு அந்த ஊர் எல்லைக்குள் மட்டுமே சட்டப்படி இடமுண்டு.

கார் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. இரத்தத்தில் லீற்றருக்கு 0.5 கிராம் என்ற மதுசார எல்லை மாறவில்லை என்றாலும், 2024 டிசம்பரில் தண்டனைகள் கடுமையாகின. புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு எல்லை பூச்சியம். மலையைச் சுற்றும் சிர்க்கும்எத்னேயா தொடருந்து மலிவானது, ஆனால் ஞாயிறுகளில் வழமையாக ஓடுவதில்லை. சாம்பல் கொட்டினால் கட்டானியா விமான நிலையம் மூடப்படும்; 2024 கோடையில் அப்படி நடந்தது. சாம்பல் படிந்த வீதியில் மோட்டார் சைக்கிள்களைத் தடை செய்வதும் உண்டு. எனவே திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் இடைவெளி விடுவது புத்தி.

கேட்க வேண்டிய கேள்வி

படித்தளத் தோட்டங்களில் இயந்திரம் ஏறாது. கொடி வெட்டுவது, களை பிடுங்குவது, குலை அறுப்பது எல்லாம் கையால்தான். இத்தாலிய விவசாயத்தில் அந்தக் கைகளில் கணிசமானவை புலம்பெயர்ந்தவர்களுடையவை. தரகர் வழி கூலியாட்களைச் சுரண்டுவதற்கு எதிராக 2016இல் 199ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகும், 2024 ஜூனில், ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதிப் பண்ணையொன்றில் இயந்திரத்தில் கை துண்டான இந்தியத் தொழிலாளி சத்னாம் சிங், மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படாமல் வீட்டருகே விடப்பட்டு, பின்னர் இறந்தார். அது எட்னாவில் நடந்ததல்ல. ஆனால் எட்னாவையும் ஆள்வது அதே சட்டமே.

மண்ணின் வயதையும் பீப்பாயின் மரத்தையும் பற்றிச் சுவைப்பு மேசையில் விளக்கம் தாராளமாகக் கிடைக்கும். இந்தக் காணி முன்பு யாருடையது, குலைகளை யார் அறுக்கிறார்கள், அவர்களுக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று பயணி கேட்டால்தான் தெரியும். நல்ல தோட்டக்காரர் இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். தயங்குபவரிடம் போத்தல் வாங்குவதா என்பதைப் பணம் கொடுப்பவர் தீர்மானிக்கலாம். எட்னாவுக்குப் போகும் நம்மவர்களில் பலர் ஐரோப்பிய சமையலறைகளில் அதே போன்ற ஒப்பந்தத்துக்காகக் காத்திருந்தவர்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.