தண்ணிக்குள்ளே தவணை

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பற்று வரவுதான். ஸ்கூபா டைவிங் பற்றிப் படித்தபோதும் என் கண்ணில் பட்டது கடன் கணக்கு!

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. நாற்பது மீட்டரில் ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கிற நைட்ரஜன், ரத்தத்திலும் சதையிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரொம்ப நேரம் இருந்தால் கடன் ஏறிவிடும். மேலே வரும்போது அங்கங்கே நின்று, தவணை தவணையாகக் கட்டித்தான் வரவேண்டும். அவசரப்பட்டால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான். உடம்புக்குள் குமிழி. கை கால் விளங்காமல் போகலாம், உயிரே போகலாம். தவணை முறையை 1908ல் வெளியிட்டவர் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. சோதனைக்கு அகப்பட்டவை ஆடுகள். பாவம்!

சாதாரண ஸ்கூபாவில் ஏதாவது ஆனால் நிதானமாக நேரே மேலே வந்துவிடலாம். டெக்னிக்கல் டைவிங்கில் அந்த வழி கிடையாது. தலைக்கு மேலே கான்க்ரீட் போட்ட மாதிரி. இரண்டு மூன்று சிலிண்டர், ஒவ்வொன்றிலும் ஒரு கலவை. தூய ஆக்ஸிஜனை ஆறு மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம். ஆகவே, சொல்லித்தருபவர் யார் என்பதுதான் கேள்வியே.

கடலே இல்லாத எங்கள் சின்னசேலத்திலிருந்து அக்கா மகன் கிளம்பிவிட்டான். புதுச்சேரியில் முப்பது தடவை முங்கியிருக்கிறானாம்.

“அடுத்தது டெக்னிக்கல்தான் மாமா. மாஸ்டர் கார்டு வெச்சிருக்கார்.”

“கார்டு ரேஷன் கடைக்கும் இருக்குடா” என்றேன்.

‘பேடி’ என்ற அமெரிக்க நிறுவனத்தில் (பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்காதீர்கள்) சாதாரண ஸ்கூபா ஆசிரியர் தேர்வுக்கு உட்கார, மற்ற படிகளைத் தாண்டி, 100 தடவை இறங்கியிருந்தால் போதும். டெக்னிக்கலுக்கு விதிகள் இன்னும் கடுமை. இருந்தாலும் விதி வேறு, வாத்தியார் வேறு. குகை டைவிங் விபத்துகளை அலசி, 1979ல் பாதுகாப்புப் புத்தகமே எழுதிய ஷெக் எக்ஸ்லி, 1994ல் மெக்சிகோவின் சகாட்டோனில் மிக ஆழத்துக்கு இறங்கி இறந்துபோனார். அவருக்கே அந்த கதி.

எங்கள் ஊர்க் கிணற்றில் நீச்சல் பழக்கும் பெரியவர்களுக்கு சர்டிபிகேட் கிடையாது. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை அவர் கையில். பயல் தேறாதவரை விடமாட்டார், அழுதாலும் சரி.

“ரெண்டு கேள்வி கேளு. அந்த ஆழத்துக்குப் பாடம் எடுக்காம, தானா எத்தனை தடவை போயிருக்கார்? இதுவரைக்கும் எத்தனை பேரை ‘இன்னும் தேறலை’ன்னு திருப்பி அனுப்பியிருக்கார்?”

ராத்திரி போன் வந்தது.

“முதல் கேள்விக்குச் சிரிச்சார். ரெண்டாவதுக்கு, ‘நம்மகிட்ட எல்லாரும் பாஸ்தான் தம்பி’ன்னார் மாமா.”

“அட்வான்ஸ் எவ்வளவு கட்டியிருக்கே?”

“அஞ்சாயிரம்.”

“வாராக்கடன்னு எழுதிடு.”