‘எத்தனால் மக்காச்சோளம்’ விதைக்கு முன்பணம் கொடுக்கலாமா?

‘‘நாலு ஏக்கரில் மானாவாரியாக மக்காச்சோளம் போடுகிறோம். எத்தனால் ஆலைக்கென்றே அமெரிக்காவில் தனி மக்காச்சோள விதை இருப்பதாகவும், அதில் விளைந்ததற்குக் கூடுதல் விலை கிடைப்பதாகவும் ஒருவர் சொல்கிறார். அந்த விதையை வாங்கித் தருகிறேன் என்று முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?’’

- வாசகர், பெரம்பலூர் மாவட்டம்.

கொடுக்க வேண்டாம். அப்படி ஒரு மக்காச்சோளம் அமெரிக்காவில் இருப்பது உண்மை. கூடுதல் விலை கிடைப்பதும் உண்மை. ஆனால், இந்தியாவில் அதை விதைக்க அனுமதி கிடையாது. அதன் சூட்சுமம் தெரிந்தால், அந்தக் கூடுதல் விலை இங்கே ஏன் கிடைக்காது என்பதும் புரிந்துவிடும்.

சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்றால் லேசாக இனிக்கும். எச்சிலில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக மாற்றுவதுதான் காரணம். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் அவ்வளவாகக் கெட்டிப்படாமல் நீர்த்து இருப்பதும் இதே நொதியின் வேலைதான்.

எத்தனால் ஆலையில் நடப்பதும் இதுவே. மக்காச்சோளத்தை மாவாக்கித் தண்ணீரில் கரைத்துச் சூடாக்குவார்கள். அப்போது அது களி போல இறுகும். அதை இளக்குவதற்கு அமைலேஸ் சேர்க்க வேண்டும். இளகிய கரைசலை இன்னொரு நொதி சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். பிறகு, காய்ச்சி வடித்தால் எத்தனால். இதற்குத் தேவையான நொதியைப் பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். ஆலைகள் அதைக் காசு கொடுத்து வாங்குகின்றன.

‘நொதியைத் தொட்டியில் தயாரிப்பதற்குப் பதிலாக மக்காச்சோள மணியிலேயே விளைவித்தால் என்ன?’ என்று யோசித்தது சின்ஜென்டா நிறுவனம். சாதாரண நொதி சூட்டில் செயலிழந்துவிடும். அதனால், கொதிநிலைச் சூட்டையும் தாங்கி வாழும் நுண்ணுயிர்களின் மரபணுக்களைச் சேர்த்து உருவாக்கிய ஒரு மரபணுவை மக்காச்சோளத்தில் நுழைத்தார்கள். ‘எனோஜென்’ என்ற பெயரில் விற்கப்படும் இந்த ரகத்தின் மணியில் நொதி தூங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரும் சூடும் சேர்ந்ததும் விழித்துக்கொண்டு வேலை செய்யும். ஆலைக்கு வரும் சாதாரண மக்காச்சோளத்தோடு இதை ஒரு பங்கு கலந்தாலே போதும், மொத்தக் கரைசலும் இளகிவிடும். அமெரிக்க வேளாண்மைத் துறை 2011 பிப்ரவரியில் இதைச் சாகுபடி செய்ய அனுமதித்தது.

அங்கே அதற்கு எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்களில் முக்கியமானவர்கள் மாவு ஆலைக்காரர்கள். ‘சாப்பிட்டால் ஆபத்து’ என்பது அவர்கள் வாதமல்ல. அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பரிசீலனை 2007-லேயே முடிந்திருந்தது. ‘எத்தனால் ஆலைக்கு நல்லது செய்யும் அதே குணம், மாவுக்கு எமன்’ என்பதுதான் அவர்கள் கவலை. களியை இளக்கும் நொதி, சிப்ஸ், ரொட்டி, சத்துமாவு எல்லாவற்றிலும் பதத்தைக் கெடுக்கும். கொஞ்சம் கலந்தாலும் சிக்கல்தான்.

கலப்பது எவ்வளவு சுலபம் என்பது மக்காச்சோள விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர் இது. காற்றில் மகரந்தம் பறக்கும். வெள்ளை மக்காச்சோளத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் ரகம் இருந்தால், வெள்ளைக் கதிரில் அதே பருவத்திலேயே மஞ்சள் மணிகள் தலைகாட்டும். நொதி மரபணுவும் அப்படித்தான் பக்கத்து வயலின் கதிருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மஞ்சள் மணியையாவது கண்ணால் பார்த்துப் பொறுக்கலாம். மஞ்சள் மக்காச்சோளத்துக்குள் புகுந்த இந்த மணியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால்தான், அமெரிக்காவில் இந்த விதையைக் கடையில் வாங்கி யார் வேண்டுமானாலும் எத்தனாலுக்காக விதைத்துவிட முடியாது. குறிப்பிட்ட எத்தனால் ஆலையோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும். வரப்போரம் வேறு மக்காச்சோளத்தைத் தடுப்பு வரிசையாக விதைக்க வேண்டும். அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். சேமிப்பும் தனி. இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் கூலியாகத்தான் 25.4 கிலோ கொண்ட ஒரு புஷலுக்குச் சராசரியாக 40 சென்ட் கூடுதலாகக் கொடுப்பதாக நிறுவனம் சொல்கிறது. ஒப்பந்த ஆலை இல்லையென்றால் கூடுதல் விலையும் இல்லை.

இங்கே நிலைமை வேறு. இந்தியாவில் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி பருத்தி மட்டும்தான் வணிகரீதியாகப் பயிராகும் மரபணு மாற்றுப் பயிர். அனுமதி இல்லாத மரபணு மாற்று விதையை விற்பதும் விதைப்பதும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் 1989-ம் ஆண்டு விதிகளுக்கு விரோதம். முன்பணம் கேட்பவர் தரப்போவது சாதாரண விதையாக இருந்தால் பணம் நஷ்டம். நிஜமாகவே அந்த விதையாக இருந்தால் சட்டச் சிக்கல். அதோடு, மாவுக்கும் ஸ்டார்ச் ஆலைக்கும் மக்காச்சோளம் விற்கும் பக்கத்து வயல்காரருக்கும் கேடு.

இங்கிருக்கும் எத்தனால் ஆலைகள் சாதாரண மக்காச்சோளத்தையே வாங்குகின்றன. தனி விதை தேவையில்லை. நல்ல விலை கிடைக்க விவசாயி கையில் இருப்பது காயவைப்பதுதான். ஈரப்பதத்தை 14 சதவிகிதத்துக்குக் கீழே கொண்டுவந்து விற்றால் பூஞ்சணம் பிடிக்காது. பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு எத்தனாலோடு போய்விடாது. மீதியாகும் சக்கையில் ஏறத்தாழ மூன்று மடங்கு செறிந்துவிடும். அந்தச் சக்கை கால்நடை, கோழித் தீவனமாகப் போவதால், ஆலைகள் பூஞ்சணம் பிடித்த சரக்கை ஒதுக்குகின்றன.

விதை வாங்கும்போது உரிமம் பெற்ற கடையில், ரகமும் குவியல் எண்ணும் எழுதிய ரசீதோடு வாங்க வேண்டும். விதைப்பையின் அட்டையை அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்த வேண்டும். சந்தேகமான விதையை யாராவது விற்றால், வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடமோ, விதை ஆய்வாளரிடமோ தகவல் சொல்லலாம்.

‘‘மக்காச்சோளத் தட்டை, வைக்கோலில் இருந்தும் எத்தனால் எடுக்க முடியும் என்கிறார்களே, அதற்கும் இப்படிப் பயிர் உண்டா?’’

- வாசகி, நாமக்கல் மாவட்டம்.

எடுக்க முடியும். ஹரியானா மாநிலம் பானிபட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 2022 ஆகஸ்ட்டில் தொடங்கிய ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலில் இருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கும் திட்டத்தோடு அமைக்கப்பட்டது.

மணியில் இருப்பது மாவுச்சத்து. தட்டையில் இருப்பது செல்லுலோஸ் என்ற நார்ச்சத்து. அதை மனிதர்களால் செரிக்க முடியாது, மாட்டால் முடியும். மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்கான நொதிகளைச் சுரக்கின்றன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மரியம் ஸ்டிக்லன் தலைமையிலான குழு, அப்படிப்பட்ட ஒரு மரபணுவை மக்காச்சோளத்தில் சேர்த்து 2008-ல் அறிவித்தது. நொதி மணியில் உருவாகாமல், இலையிலும் தட்டையிலும் மட்டும் உருவாகும்படி செய்தார்கள். மேலே சொன்ன கலப்புச் சிக்கலுக்கு இது ஒரு பதில். ஆனால், இது ஆராய்ச்சி அளவிலான முயற்சி. இதன் பெயரைச் சொல்லி யார் விதை விற்றாலும் வாங்க வேண்டாம்.

தட்டைக்கு விலை வந்தாலும் முழுவதையும் விற்றுவிடுவது லாபமல்ல. மாட்டுக்குத் தீவனம் முதலில். அடுத்து, ஒரு பங்கை மண்ணில் மடக்கி உழ வேண்டும். தட்டையோடு வயலை விட்டுப் போகும் சாம்பல்சத்தைத் திரும்ப உரமாக வாங்கிப்போடும் செலவைக் கழித்துப் பார்த்தால்தான், கையில் வந்த பணம் லாபமா, இல்லையா என்பது தெரியும்.