பொம்மைச் சிப்பாய்க்கு இடம் இருக்கு, பசங்களுக்கு?

நேத்து சாயங்காலம் பேரன் திண்ணையில உக்காந்து போன்ல கேம் ஆடிட்டிருந்தான். பச்சை பிளாஸ்டிக் பொம்மைச் சிப்பாய்ங்க சமையல் மேடையில ஒளிஞ்சு ஒருத்தரை ஒருத்தர் சுடுறாங்க. இந்தப் பொம்மைகள் அமெரிக்காவில் 1938-லேயே வந்தவை. 1998-ல் ‘ஆர்மி மென்’ என்று கேமாகவும் ஆக்கிவிட்டார்கள்.

நாங்களும் சண்டை ஆடினவங்கதான். ஏரி களிமண்ணுல சிப்பாய், பனைமட்டையில துப்பாக்கி. அறுப்பு முடிஞ்ச கழனிதான் போர்க்களம்.

கேமைத் தடை பண்ணினா சரியாயிடும்னு சிலர் சொல்றாங்க. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். 2021 ஜூலையில் வேறு பெயரில் திரும்பி வந்துவிட்டது.

எனக்குத் தோணுறது வேற. ஒரகடம் ரோட்டை ஒட்டின கழனியெல்லாம் காம்பவுண்டு சுவருக்குள்ள போயிடுச்சு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006-ல் போன் செய்ய ஆரம்பித்து 2014-ல் மூடியது. இப்போ ஐபோனே இந்தப் பக்கம்தான் தயாராகுது. வேலை கிடைச்சதை மறுக்க மாட்டேன், என் மகன் சம்பளமும் கம்பெனியிலிருந்துதான் வருது. ஆனா பசங்க ஓடி ஆட ஒரு இடம் விடணும்னு யாருமே யோசிக்கல. நிலத்தை வித்த எங்களையும் சேர்த்துதான் சொல்றேன்.

போனைப் பிடுங்கறதுக்கு முன்னால ஒரு மைதானத்தைக் காட்டணும். இந்தத் தை அறுப்பு முடிஞ்சதும் அரை ஏக்கர்ல உளுந்து போடாம பசங்களுக்கு விடப்போறேன். பேரன்கிட்ட சொன்னேன்.

“ஆட யாரு தாத்தா வருவாங்க?”ன்னு கேட்டான்.

பட்டணத்துல இருக்கறவங்க பொங்கலுக்கு ஊருக்கு வந்தா, பிள்ளைங்களோட இந்தப் பக்கம் வாங்க.