யாருடைய சர்வாதிகாரி?

2025 ஜனவரி 9 அன்று ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏ.எப்.டி.யின் இணைத்தலைவர் ஆலிஸ் வைடல், எலான் மஸ்க்குடன் இணையத்தில் நடத்திய உரையாடலில் ஹிட்லரை ஒரு கம்யூனிஸ்ட் என்றார். ஹிட்லர் கட்சியின் பெயரிலேயே சோஷலிசம் இருந்ததே, தொழில்களை அரசு தன் பிடியில் வைத்திருந்ததே என்பது அந்தத் தரப்பின் வாதம். இதைக் கேட்டுக் கொதிக்கும் நம் தோழர்களில் பலர், ஸ்டாலின் பேச்சு வந்ததும் ‘அவர் உண்மையான இடதுசாரியே அல்ல’ என்று நழுவிவிடுகிறார்கள். இரு தரப்பும் செய்வது ஒன்றுதான். தன் வாசலில் கிடக்கும் பிணத்தை அடுத்த வீட்டு வாசலுக்கு இழுத்துப் போடுகிறார்கள்.

இடது, வலது என்ற பிரிவு 1789இல் பிரெஞ்சுத் தேசியப் பேரவையில் பிறந்தது. சட்டங்களைத் தடுக்கும் அதிகாரம் மன்னருக்கு வேண்டும் என்றவர்கள் அவைத்தலைவருக்கு வலப்பக்கமும், கூடாது என்றவர்கள் இடப்பக்கமும் அமர்ந்தார்கள். பேரவைகளையே இழுத்து மூடியவர்களை அந்த இருக்கைகளில் எப்படி உட்காரவைப்பது என்று கேட்பவரை அலட்சியப்படுத்த முடியாது. முசோலினியைப் படித்தால் அந்தக் கேள்வி இன்னும் வலுக்கும்.

கொல்லரின் மகன் அவர். தந்தை சோஷலிஸ்ட், மெக்சிகோவின் பெனிட்டோ ஹுவாரெஸ் நினைவாக மகனுக்குப் பெயர் வைத்தவர். 1912இல் இத்தாலிய சோஷலிஸ்ட் கட்சியின் நாளேடான ‘அவந்தி’க்கு முசோலினி ஆசிரியரானார். இத்தாலி உலகப்போரில் இறங்க வேண்டும் என்று எழுதியதால் 1914 நவம்பரில் கட்சி அவரை வெளியேற்றியது. 1919இல் மிலானில் அவர் தொடங்கிய பாசிச இயக்கத்தின் முதல் அறிக்கையில் எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு வாக்குரிமை, மூலதனத்தின் மீது கடும் வரி எல்லாம் இருந்தன. அதை மட்டும் கையில் கொடுத்தால் யாரும் அவரை இடதுசாரி என்றே சொல்வார்கள். அவ்வாண்டுத் தேர்தலில் அவர் இயக்கம் படுதோல்வி அடைந்தது.

அதன்பின் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். 1920, 1921இல் போ ஆற்றுச் சமவெளியில் விவசாயக் கூலிகளின் சங்கங்கள் வலுத்திருந்தன. நிலவுடைமையாளர்களின் பண உதவியோடு முசோலினியின் கறுப்புச்சட்டைப் படைகள் லாரிகளில் வந்து இறங்கின. சங்க அலுவலகங்களையும் கூட்டுறவுகளையும் கொளுத்தின. இயக்கம் வளர்ந்தது அந்தத் தீயில். 1922 அக்டோபரில் மன்னரே அழைத்துப் பிரதமர் பதவியைக் கொடுத்தார். தொலைபேசித் துறை தனியார் கைக்குப் போனது. 1924 ஜூனில் சோஷலிஸ்ட் எம்.பி. மத்தியோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926இல் வேலைநிறுத்தம் தடைசெய்யப்பட்டது; அதே ஆண்டு கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சி சிறைக்குப் போனார். 1933இல் நொடித்துக் கிடந்த வங்கிகளைத் தூக்கிவிட, தொழில் நிறுவனங்களின் பங்குகளை அரசு பெருமளவில் எடுத்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அரசிடம் எத்தனை ஆலைகள் இருந்தன என்பது எங்களுக்கு இரண்டாம் கேள்வி. யார் கதவைத் திறந்துவிட்டார்கள், உள்ளே வந்ததும் முதலில் யாரை அடித்தார் என்பதே முதல் கேள்வி.

ஹிட்லர் விஷயத்தில் இதற்கு ஐயமற்ற பதில் உண்டு. 1933 பிப்ரவரி 20இல் பெருந்தொழிலதிபர்களைக் கூட்டி அவருக்குத் தேர்தல் நிதி திரட்டப்பட்டது. மார்ச்சில் திறந்த டாஹவ் முகாமுக்கு முதலில் போனவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகள். மார்ச் 23இல் அவருக்கு முழு அதிகாரம் தந்த சட்டத்தை எதிர்த்து விழுந்த 94 வாக்குகளும் சமூக ஜனநாயகக் கட்சியுடையவை. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை அவைக்குள் விடவே இல்லை. மற்ற கட்சிகள் எல்லாம் ஆதரித்தன. மே 2இல் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன.

இதே கேள்விகளை ஸ்டாலினிடம் கேட்கும்போதுதான் நமக்குக் குரல் கம்முகிறது. தமிழ்நாட்டில் பெற்றோர் ஆசையோடு பிள்ளைகளுக்கு வைத்த பெயர் அது. 1917 அக்டோபரில் லெனினோடும் ஸ்டாலினோடும் போல்ஷெவிக் கட்சியின் அரசியல் குழுவில் இருந்த மற்ற ஐவரும் ஸ்டாலின் ஆட்சியில் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான டிராட்ஸ்கியை மெக்சிகோவரை துரத்திச் சென்று கொன்றார்கள். 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் ஏறத்தாழ 6,80,000 பேர். 1940 ஜூன் ஆணைப்படி, அனுமதியின்றி வேலையை விட்ட தொழிலாளிக்குச் சிறை. அடிபட்டவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள் என்பதால் அடித்தவர் வேற்றாளாகிவிட மாட்டார். அவருக்குக் கதவைத் திறந்தது நம் இயக்கம்.

முத்திரை குத்துவதிலும் அவர் செய்த கேடு பெரிது. 1928க்குப் பின் மாஸ்கோ, சமூக ஜனநாயகவாதிகளைச் ‘சமூகப் பாசிஸ்டுகள்’ என்று ஏசச் சொன்னது. ஜெர்மன் கம்யூனிஸ்டுகள் கீழ்ப்படிந்தார்கள். 1932 நவம்பர் தேர்தலில் நாஜிகளுக்கு 196 இடங்கள். சமூக ஜனநாயகக் கட்சிக்கு 121, கம்யூனிஸ்டுகளுக்கு 100. இரு கட்சியினரும் கடைசியில் டாஹவ் முற்றத்தில்தான் சேர்ந்து நின்றார்கள்.

எங்களுக்குக் கட்டுரை அனுப்பும் நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஹிட்லரை நம் தலையில் கட்டப் பார்ப்பவர்களுக்கு ஆண்டும் பெயரும் சொல்லிப் பதில் எழுதுங்கள். அதே உழைப்போடு உக்ரைன் பஞ்சத்தையும் மாஸ்கோ வழக்குகளையும் கம்போடியாவையும் நம் வரலாறாகவே எழுதுங்கள். ‘அவர் நம்மவர் அல்ல’ என்று முடியும் கட்டுரைகளை இனி இந்த இதழ் வெளியிடாது.