நட்டத் தடம் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

அரசு பஸ் நட்டத்தில் ஓடுகிறது என்று சொல்லாத ஆள் இந்த நாட்டில் இல்லை. 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நட்டம் என்றது. கொரோனாவில் பஸ்கள் மாதக்கணக்கில் நின்ற பிறகு வந்த கணக்கு அது. ஆனாலும் அந்த 59 ரூபாய் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. இந்த நட்டத்தை எந்தக் கோலால் அளந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

நான் கேட்கிறேன். பாபநாசம் தாலுகாவில் நடவும் களையெடுப்புமாகப் பிழைத்த சேரியில் பிறந்தவன் என்பதால் கேட்கிறேன். அளவு என்றாலே எங்களுக்குச் சந்தேகம் வரும். "குடுக்கறதுக்கு ஒரு மரக்கா, வாங்கறதுக்கு ஒரு மரக்கா"ன்னு களத்து மேட்டில் நெல் அளந்த கதையைச் சொல்லித்தான் எங்க பெரியவங்க எங்களை வளர்த்தாங்க.

போக்குவரத்துக் கழகத்தின் மரக்காலைப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டருக்கு வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர், இருக்கையில் எத்தனை சதவீதம் நிரம்பியது, ஒரு பஸ்ஸுக்கு எத்தனை தொழிலாளர், நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது. இவற்றை வைத்துத்தான் ஒரு டெப்போவை நல்லது, கெட்டது என்கிறார்கள். இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் எல்லாமே பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு எடுத்த கணக்கு. பஸ் வராமல் ரோட்டோரம் நின்றவளைப் பற்றி இதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. ஏறினவரை எண்ணுகிறார்கள், ஏற முடியாதவரை எண்ணுவதில்லை.

சரி, அவர்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, எங்க பக்கம் ஒரு கிராமத்து டிரிப்புக்குக் கிலோமீட்டருக்கு 60 ரூபாய் செலவு, வசூல் 30 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏட்டில் 30 ரூபாய் நட்டம். "வெட்டு இந்த டிரிப்பை" என்பார் கணக்குப் பிள்ளை. வெட்டினால் என்ன மிச்சம்? டீசல், டயர், கொஞ்சம் உதிரி பாகம், 22 ரூபாய் என்று வையுங்கள். டிரைவர், கண்டக்டர் சம்பளம் நிற்காது. ஓய்வு பெற்றவருக்குக் கொடுக்கிற பணம் நிற்காது. கடனுக்கு வட்டி நிற்காது. டெப்போ வாட்ச்மேன் வீட்டுக்குப் போக மாட்டார். மிச்சம் 22, போன வசூல் 30. டிரிப்பை வெட்டியதால் கழகம் கிலோமீட்டருக்கு 8 ரூபாய் கூடுதலாக இழந்தது. பாக்கிச் செலவு 38 ரூபாயும் அடுத்த தடத்தின் தலையில் ஏறி உட்காரும். பிறகு அந்தத் தடமும் நட்டத் தடம் ஆகும். அதையும் வெட்டு. இதற்குப் பெயர் நிர்வாகமா?

இருக்கை நிரம்பல் கணக்கு அதைவிட வேடிக்கை. விடிகாலையில் எங்க பெண்கள் ஒரு பக்கமாகத்தான் போவார்கள், சாயங்காலம் மறு பக்கமாகத்தான் திரும்புவார்கள். போகும்போது நிரம்பி வழிகிற பஸ் வரும்போது காலியாக வரும். சராசரி போட்டால் பாதி. சம்பா நடவில் ஏற இடமிருக்காது, அறுப்பு முடிந்த கோடையில் ஆளிருக்காது. வருஷத்துக்குச் சராசரி போட்டால் அதுவும் பாதி. மேட்டூர் திறக்கிற தேதியைப் பார்த்துப் பிழைக்கிற ஊருக்கும், நாள் முழுக்க இரண்டு பக்கமும் கூட்டமுள்ள தஞ்சாவூர் – கும்பகோணம் மெயின் ரோட்டுக்கும் ஒரே கோல். ராத்திரி டிரிப்பை முதலில் நிறுத்துவது, ஆளெல்லாம் கடன் வாங்கிப் பழைய மொபெட் வாங்கிய பிறகு வந்து எண்ணுவது, "பாருங்க, ஆளே இல்லை" என்பது. எந்த ஊரில் இது நடந்தாலும் எண்ணிக்கை தானாக வந்ததல்ல, உண்டாக்கப்பட்டது.

பஸ் எங்களுக்கு என்ன செய்தது என்று எந்த ஏட்டிலும் இல்லை. நான் சொல்கிறேன். 1952-இல் தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் ஊரை விட்டு வெளியே போக வழியில்லாதவனுக்குச் சட்டம் எத்தனை தூரம் துணைக்கு வரும்? எங்க ஊருக்கு பஸ் வந்த பிறகுதான் எங்கம்மா களத்தில் நிமிர்ந்து நின்று, "கட்டுப்படி ஆவலன்னா சொல்லிப்புடுங்க, நாங்க கும்மோணத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போயிக்கிறோம்"னு சொன்னாங்க. அந்த வருஷம் கூலி ஏறியது. அன்றைக்கு எங்கம்மா பஸ்ஸில் ஏறவே இல்லை. டிக்கெட் கிழிக்கவில்லை. ஆனால் அந்த பஸ்தான் கூலி வாங்கித் தந்தது. இதைக் கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று எழுதுவீர்கள்?

ரோடும் பஸ்ஸும் எங்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. பொதுத் தெருவில் நாங்கள் நடக்கலாம் என்பதற்கே 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தால் பஸ் லைசென்ஸ் போய்விடும் என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சௌந்தரபாண்டியன் உத்தரவு போட வேண்டியிருந்தது. 1972-இல் தனியார் பஸ்களை அரசுடைமையாக்கிக் கும்பகோணத்தில் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தபோதுதான், முதலாளிக்கு லாபமில்லாத ஊருக்கும் பஸ் கேட்கலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வந்தது. இன்று முதலாளியின் கோலையே கொண்டுவந்து அரசு பஸ்ஸை அளந்தால், அரசுடைமை எதற்கு?

இப்போது 'ஓசி'க் கதைக்கு வருவோம். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணக்கெடுத்தது. கழகம் சும்மா ஏற்றிக்கொண்டு போகவில்லை; அரசு ஈடு கொடுக்கிறது, தொடக்கத்தில் ஒதுக்கியது 1,200 கோடி. ஆனாலும் 2022-இல் அமைச்சராக இருந்த பொன்முடியே மேடையில் 'ஓசி' என்றார், பிறகு வருத்தம் தெரிவித்தார். 1990-இலிருந்து எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிலம் உள்ளவருக்குத்தான் மோட்டார். 20 ஏக்கர் மிராசுதாரைப் பார்த்து 'ஓசி கரண்டு' என்று எவன் சொல்லியிருக்கிறான்? அவருக்குப் போனால் மானியம், நாத்து நடுகிறவளுக்குப் போனால் ஓசியா?

நட்டம் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இன்னொன்றை ஞாபகப்படுத்துகிறேன். 1997-இல் விருதுநகரில் புதுக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் நின்று உயிர் விட்ட தேவேந்திரகுல வீரன். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள் ஆதிக்க சாதியினர். கலவரம், கல்லெறி, உயிர்ச்சேதம். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்தது. எங்க ஊர் பஸ்ஸிலிருந்து சோழனும் இறங்கினான். ஒரு தலித் பெயரை ஏற்பதைவிட ராஜாக்கள் பெயரையெல்லாம் சேர்த்து அழிப்பது இவர்களுக்குச் சுலபமாக இருந்தது. பஸ்ஸை ஓடவிடாமல் செய்த சாதியை எந்த டெப்போ ஏட்டில் நட்டம் என்று எழுதினார்கள்? சேரிக்குப் போகும் 4 கிலோமீட்டர் மட்டும் கண்ணை உறுத்துகிறதா?

அளக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் நன்றாக அள என்கிறேன். ஒவ்வொரு சேரியிலிருந்தும் பஸ் நிற்கிற இடம் எத்தனை தூரம்? முதல் பஸ் வேலை நேரத்துக்கும், அடுத்தது பள்ளிக்கூட மணிக்கும் வருகிறதா? பிரசவ வலி எடுத்தால் ராத்திரி 9 மணிக்கு மேல் பாபநாசம் ஆஸ்பத்திரிக்குப் போக என்ன இருக்கிறது? நிறுத்தாமல் போன இடங்கள் எத்தனை? ஒரு டிரிப்பை நிறுத்தினால் உண்மையில் எவ்வளவு மிச்சம், எவ்வளவு ஏட்டுச் சுரைக்காய்? இவற்றைத் தடம் வாரியாக, ஊர் வாரியாக எழுதி டெப்போ வாசலில் ஒட்டு. டிரிப்பை வெட்டும் முன் அந்தச் சேரியில் கூட்டம் போட்டுக் கேள்.

இலவச ரேஷன் அரிசியை நட்டம் என்று சொல்ல இன்று எந்தக் கட்சிக்கும் துணிச்சல் இல்லை. பஸ்ஸை மட்டும் சொல்ல முடிகிறது. நாம் கேட்காததால் சொல்ல முடிகிறது. அடுத்த கிராமசபைக்குப் போகிறவர்கள் குழாயையும் தெருவிளக்கையும் கேட்பதோடு நிறுத்தாமல், நின்றுபோன டிரிப்பையும் அதன் கணக்கையும் எழுத்தில் கேளுங்கள். மரக்கால் யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதே அளவு என்றிருந்த காலம் களத்து மேட்டிலேயே முடிந்துவிட்டது. டெப்போவிலும் அது முடிய வேண்டும்.